வலது சீட்டில் உட்கார்ந்தவன்

கொச்சித் துறைமுகத்தில் கிரேன் அந்தக் காரைக் கப்பலிலிருந்து தூக்கியபோது, கயிறு அறுந்து விழாதா என்று நினைத்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பக்கத்தில் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், கையைக் கூப்பிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். நானும் கையைக் கூப்பித்தான் நின்றேன். இரண்டு பேரும் ஒரே சாமியைத்தான் கும்பிட்டோம், வேண்டுதல்தான் வேறு.

கயிறு அறுபடவில்லை. வானநீலமும் வெள்ளையுமாக, முன்னும் பின்னும் பளபளக்கும் தகடுகளோடு, பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு நீட்டல்களோடு அது கீழே இறங்கி நின்றது. அமெரிக்கக் கார். பழையதுதான். அவர் வேலை பார்த்த அரபு நாட்டில் ஒரு அமெரிக்க எஞ்சினியர் பல வருடம் ஓட்டிவிட்டு, சொந்த ஊர் போகும்போது இவருக்கு விற்றது. வெளிநாட்டில் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள், தாங்கள் அங்கே ஓட்டிய வண்டியைக் கூடவே கொண்டு வரலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் நைலான் புடவையும் கொண்டு வந்தார்கள். இவர் இதைக் கொண்டு வந்தார். பழசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுங்க அதிகாரி ஒருவர் காகிதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காரையே இரண்டு சுற்றுச் சுற்றி வந்து "கொள்ளாம், கொள்ளாம்" என்று தலையை ஆட்டினார். நன்றாக இருக்கிறதாம். அதை நீ சொல்ல வேண்டுமா என்று எனக்கு எரிந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்தில் நெல்வயலும் தென்னந்தோப்பும் உண்டு. இவர் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருந்தவர். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று மாமனார் மூத்த மகளைக் கொடுத்தார். இளையவளை எனக்குக் கொடுத்தபோது ஊரையே கூட்டினார். அந்த வீட்டில் பந்தியில் முதல் இலை எனக்குத்தான். என் புல்லட் சத்தம் கேட்டால் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். மூத்த மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவார், நாய் மட்டும் எழுந்து பார்க்கும். இதையெல்லாம் நான் கவனிக்காதவன்போல இருப்பேன். ஆனால் ஒவ்வொன்றும் நன்றாகவே கவனித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

போதாததற்கு நானே ஒரு காருக்குப் பதிந்துவைத்துக் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் கார் வேண்டுமென்றால் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை கோயமுத்தூர் போய் விசாரித்தால், "உங்க வரிசை வர்றப்ப கடுதாசி போடறமுங்க" என்பார்கள். நான் வரிசையில் நின்றுகொண்டிருக்க, இவர் கடல் வழியாகக் காரைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் இறக்கினார். துணைக்கு என்னையே கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொருவன் நான்தான், அதனால்.

காகித வேலை முடிந்து மூன்றாம் நாள் கொச்சியை விட்டுப் புறப்பட்டோம். அப்போதுதான் அந்த விஷயம் உறைத்தது. ஸ்டியரிங் இடது பக்கம். அவர்கள் ஊரில் சாலையின் வலது ஓரமாகப் போவார்கள், அதற்கு அது சரி. நம் ஊரில் இடது ஓரமாகப் போகும்போது, முன்னால் ஒரு லாரி போனால் ஓட்டுகிறவருக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே எது வருகிறது என்பது வலது சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும். அந்த வலது சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆலுவா தாண்டும் வரை, முன்னால் போகிற வண்டியை முந்தும்போதெல்லாம் "போலாமுங்களா தம்பி?" என்று அவர் கேட்பதும், "போலாமுங்ணா" என்று நான் சொல்வதுமாக இருந்தது. திருச்சூர் தாண்டிக் குதிரான் மலை ஏறும்போது அவருக்கு அலுத்துவிட்டது.

"கேட்டு, நீங்க சொல்லி, நான் கியர் மாத்தறதுக்குள்ள எடம் போயிருதுங் தம்பி. இனிமே இப்பிடி வெச்சுக்கலாம். எதுக்கால எதாச்சும் வந்தா மட்டும் சொல்லுங்க. நீங்க பேசலீனா நான் ஏறிருவேன்."

"சரிங்ணா" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. நான் வாயைத் திறந்தால் வண்டி நிற்கும், மூடியிருந்தால் போகும். காரை வாங்கியவர் அவர், ஓட்டுகிறவர் அவர். ஆனால் அது போகலாமா கூடாதா என்பது என் வாயில் இருந்தது. அன்றைக்கு ஒழுங்காகத்தான் சொன்னேன். இருட்டும் முன் சித்தூர் வந்து சேர்ந்தோம்.

மாமனார் வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே நுழையவில்லை. கேட்டின் தூண்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும், இது போகாது. மாமனார் ஒரு நிமிடம் யோசித்தார். மறுநாள் காலையிலேயே ஆள் விட்டு ஒரு பக்கத் தூணை இடித்துவிட்டார். அவருடைய அப்பா கட்டிய தூண். பத்து வருடமாக அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் வருகிறேன், எனக்காக ஒரு செங்கல்லைக்கூட அசைத்தவரல்ல அவர். இடித்த தூணைக் காட்டி, "பெரிய மாப்பிள்ளைக்கு இனிச் சிரமமில்லீங்க" என்று என்னிடமே சொன்னார். பெரிய மாப்பிள்ளை என்று அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, மெத்தையாட்ட இருக்குதுங்க. வந்து உக்காந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் கொச்சியிலிருந்து அதில்தான் வந்தேன் என்பதை மறந்துவிட்டாள். பாவம், அவள் சந்தோஷத்தில் சொன்னாள். எனக்கோ அவள் என்னை ஏதோ குறை சொன்னதுபோல இருந்தது. புல்லட்டில் என் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து இத்தனை வருடம் வந்தவள், ஒருநாளாவது அதன் சீட்டை அமுக்கிப் பார்த்திருக்கிறாளா?

கண் பட்டுவிடும் என்று எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் காரின் முன்னால் கட்டச் சொன்னார்கள். யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்தான். நன்றாக இறுக்கிக் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, குமுளிக்குப் போகலாம் என்று சகலை ஆரம்பித்தார். அங்கே ஒரு ஏலக்காய்த் தோட்டம் விலைக்கு வருகிறதாம், பார்த்துவிட்டு வரலாமாம். கார் போதாதென்று தோட்டம். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் வழியாக ஒருநாள் ஓட்டம். சகோதரிகள் இருவரும் வருவதாகச் சொன்னார்கள். முன்னால் நாங்கள் இரண்டு ஆண்கள், பின்னால் அவர்கள் இருவர். அக்காள் தன் கணவருக்குப் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். என் மனைவி எனக்குப் பின்னால், வலது ஜன்னலோரம். கட்டுச்சோற்றுத் தூக்கு அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

விடிகாலையில் புறப்பட்டு, உடுமலை தாண்டியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. முன்னால் வைக்கோல் பாரம் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு போனது. அவருக்கு வைக்கோலைத் தவிர ஒன்றும் தெரியாது. நான் எட்டிப் பார்த்தேன். எதிரே பழனி மலை வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை.

"வருதுங்ணா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொன்னதும் அவர் கால் பிரேக்குக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து அரபு நாட்டுக்குப் போய், கப்பலேறிக் கடல் தாண்டி வந்த அந்த வண்டி, ஒரு கிழட்டு மாட்டின் வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தது. என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு வருதுங்ணா. லாரி."

"ஆவட்டுங் தம்பி. அவசரமென்ன?"

அப்படி ஒரு மைலுக்கு மேல் அந்த மாட்டுக்குப் பின்னால் அவரை நடத்தினேன். போதுமென்று தோன்றியபோது வாயை மூடினேன், அவர் நம்பி ஏறிப் போனார். பழனி தாண்டி ஒரு டிராக்டர் கிடைத்தது. வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் கரும்பு வண்டிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இல்லாத பஸ்களையும் இல்லாத லாரிகளையும் நான் ஓட்டிவிட்டேன். வண்டியின் சூடு காட்டும் முள் ஏறியது. அவர் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தச் சட்டையைப் பார்க்கவும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

"இந்த ரோட்டுல இத்தன வண்டியா?" என்று அக்காள் இடது ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு அலுத்துக்கொண்டாள். புறப்பட்டதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த என் மனைவி அமைதியாகிவிட்டாள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இருந்தது வலது ஜன்னலோரம் என்பதும், எனக்குத் தெரிகிற சாலை அவளுக்கும் தெரியும் என்பதும் என் மூளைக்கு எட்டவேயில்லை. கெட்ட காரியம் செய்கிறவனுக்கு முதுகுப் பக்கம் ஞாபகம் இருப்பதில்லை போலும்.

கம்பத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பெண்கள் காரிலேயே இருந்தார்கள். கடை வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்:

"தோட்டம் படிஞ்சுதுன்னா நீங்கதானுங் தம்பி பாத்துக்கணும். நான் சித்தூர்ல ஒர்க்‌ஷாப் போடலாம்னு இருக்கறேன். எனக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்? மாசம் ரெண்டு தடவ வந்துட்டுப் போனீங்கன்னாப் போதும். உங்களுக்குச் செய்ய வேண்டியத நான் செஞ்சர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். பந்தியில் முதல் இலை வாங்கியவனை, கிரீஸ் கைக்காரர் தன் தோட்டத்துக்குக் காரியஸ்தனாக வரச் சொல்கிறார், கூலி தருவதாகச் சொல்கிறார். "பாக்கலாமுங்ணா" என்றேன். மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.

லோயர் கேம்ப் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்னால் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. அதன் புகை முழுக்கக் காருக்குள் வந்தது. இரண்டு வளைவு வரை அவர் பொறுமையாகப் பின்னாலேயே வந்தார். மூன்றாவதில் சாலை கொஞ்சம் நீளமாகக் கிடைத்தது. லாரிக்காரன் கையை வெளியே நீட்டிப் போகச் சொல்வதுபோல ஆட்டினான். அவர் வலது பக்கமாக வண்டியைத் திருப்பினார்.

மேலே வளைவில் பஸ் தெரிந்தது. முதலில் அதன் நெற்றி, பிறகு முழு முகம். இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தது.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். புகை மறைத்தது, மலை அழகில் கவனம் போனது என்றெல்லாம் பின்னால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். பஸ் தெரிந்தது, அதை எப்படிச் சொல்ல வேண்டுமென்று தெரிந்திருந்தது, ஒரு சொல்தான். அதை நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். அந்த ஒரு மூச்சில் என் மனதில் பயமே இல்லை. போகட்டும் என்று மட்டும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் என் மௌனத்தை நம்பி வேகத்தைக் கூட்டினார்.

"மாமா, பஸ்ஸுங்க! பஸ்ஸு!"

என் மனைவி கத்தினாள். கத்தியபடியே என் சீட்டின் முதுகில் ஓங்கி அடித்தாள். அவர் பிரேக்கை மிதித்து, வண்டியை இடது பக்கம் ஒடித்து லாரியின் பின்னால் நுழைத்தார். டயர்கள் அலறின. கட்டுச்சோற்றுத் தூக்கு கவிழ்ந்து புளிச்சோறு முழுதும் சீட்டில் கொட்டியது. என் ஜன்னலை ஒட்டி, கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில், பஸ்ஸின் பக்கம் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. டிரைவர் தலையை வெளியே விட்டுத் திட்டினார்.

"ஏய்யா, எந்தப் பக்கம்யா ஒக்காந்து ஓட்டுற? ஒரு வண்டிச் சனம் சாகத் தெரிஞ்சிச்சே! பக்கத்துல ஒக்காந்திருக்கிற ஆளு தூங்குறானா?"

சகலை இறங்கிப் போய் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ற தப்புத்தானுங்க. மலையில அவசரப்பட்டுட்டேன். தம்பி, பயந்துட்டீங்களா? தண்ணி குடிங்க."

தன் பக்கத்திலிருந்த கூஜாவை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். அதற்கு மேல் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அவர் சாகிறவரைக்கும் அது தன் தவறு என்றே நினைத்திருந்தார். கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், என் மனைவியின் குரலால்தான் நாலு உயிர் தப்பியது என்று சொல்லி முடிப்பார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன்.

குமுளியில் தோட்டத்தைப் பார்த்தோம். நிழலும் ஈரமுமாக நல்ல தோட்டம். செடியின் அடியில் கொத்துக் கொத்தாகக் காய் படர்ந்திருந்தது. அவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஏதோ பதில் சொன்னேன். அக்காள் ஒரு காயைப் பறித்து உரித்து எல்லோருக்கும் ஆளுக்கு நாலு விதை கொடுத்தாள். என் மனைவி வாங்கிக்கொண்டாள், என் பக்கம் திரும்பவில்லை. அன்று ராத்திரி தங்கிய லாட்ஜில் பெண்கள் ஓர் அறையிலும் நாங்கள் ஓர் அறையிலும் படுத்ததால், அவளிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேச முடியாமல் போனதில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

காலையில் காரில் ஏறப் போகும்போது அவள் சொன்னாள்:

"மாமா, பின்னால உக்காந்தா எனக்குத் தல சுத்துதுங்க. நான் முன்னால உக்காந்துக்கறேன். அவரு அக்காகூடப் பின்னால வரட்டும்."

"அதுக்கென்ன அம்மிணி, வா. நேத்து நீதான காப்பாத்துன" என்றார் அவர்.

நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மெத்தையாகத்தான் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாலையில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. வருகிறது என்றால் "வருதுங்க மாமா" என்றாள். இல்லையென்றால் பேசாமலிருந்தாள். அன்றைக்குத்தான் அந்த வண்டி அதன் ஓட்டத்தில் ஓடியது. லாரி, டிராக்டர், கரும்பு வண்டி எல்லாம் வந்த வேகத்தில் பின்னால் போயின. "இன்னைக்கு ரோடு காலியா இருக்குது, நேத்தாட்டம் இல்ல" என்று அக்காள் சந்தோஷப்பட்டாள். "தம்பி, உங்கூட்டுக்காரி உங்களவிடச் சூட்டிகைங்க" என்று அவர் திரும்பிச் சிரித்தார். எனக்கு அப்போதும் எரிந்தது. அவ்வளவு நடந்தும் என் வயிறு அடங்கவில்லை. என் பெண்டாட்டியின் வாயை நம்பி அவர் அந்தக் காரை ஓட்டுகிறாரே என்று, அதற்கும் எரிந்தது.

பழனியில் நிறுத்தினோம். சகலையும் அக்காளும் அடிவாரத்துக் கடையில் பஞ்சாமிர்தம் வாங்கப் போனார்கள். அவளும் நானும் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிராத."

"சொல்ல மாட்டனுங்க."

"புகை அடிச்சுது. அதுல எனக்கு..."

"உடுமலை தாண்டுனதுலருந்தே பாத்துட்டுத்தான் வந்தனுங்க. வைக்கோல் வண்டிக்கு எதுக்கால ஒண்ணுமே இல்ல. வெளையாடறீங்கன்னு நெனச்சேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை.

"அவரு மேல பொறாமைங்கறது எனக்குத் தெரியுமுங்க. கார் வந்த நாள்லருந்தே தெரியும். அது இருந்துட்டுப் போகட்டும். ஏனுங்க, நான் உங்களுக்குப் பின்னாலதான உக்காந்திருந்தேன்? அது உங்களுக்கு ஞாபகம் இருந்துதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

நினைவில்லை என்று சொன்னால், பத்து வருடம் கூட வாழ்ந்தவளை அந்த ஒரு மூச்சில் மறந்துபோனேன் என்று ஆகும். நினைவிருந்தது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எது உண்மை என்றும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹாரன் சத்தம் கேட்டது. சகலை காரில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் போய் முன்கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.